பட்டினி கிடக்கும் ஆத்தாவுக்கு எங்கள் வீட்டுப் பூத்தட்டு

திருச்சி உறையூருக்கு வாக்கப்பட்டு வந்த எனக்கு இரண்டு ஆத்தாக்கள். ஒருத்தி வெக்காளி. வீடிழந்து நின்ற தன் ஜனங்களுக்கு ஒரு கூரை கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று வானம் பார்த்து உட்கார்ந்தவள். இன்றைக்கும் வெயிலும் மழையும் அவள் தலைமேல்தான் விழுகிறது. இன்னொருத்தி சமயபுரத்தாள். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பிள்ளைகளுக்காகச் சமைத்த படையல் தொடாமல் பச்சைப் பட்டினி கிடப்பவள். எங்கள் வீட்டுக்கு வந்த சோதனையில் நாங்கள் இடிந்து விழாமல் நிற்கிறோம் என்றால், இந்த இரண்டு பேரின் காலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறோம்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. ஒரு ராத்திரி மூச்சு வாங்கமுடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, காலைவரை எதுவும் சொல்லமுடியாது என்றார்கள். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் தரையில் உட்கார்ந்து, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து முந்தானை முனையில் முடிந்தார். "ஆத்தா, எம்புள்ளைய உசுரோட குடு. வெறுங்காலோட பூத்தட்டு தூக்கி உன் வாசலுக்கு வாரேன்" என்றார். அவ்வளவுதான். விடிந்தபோது அவர் கண் திறந்தார்.

அதற்குப் பிறகு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், எந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. ஊசி குத்துவதையும் நான்கு மணிநேரம் அசையாமல் படுத்துக் கிடப்பதையும்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தாகத்தைத்தான் பொறுக்கமுடியவில்லை. உடம்பில் சேருகிற தண்ணீர் வெளியேற வழியில்லாததால், ஒரு சின்னச் சொம்புத் தண்ணீரைத்தான் நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்கவேண்டும். சோற்றில் ஊற்றும் ரசத்துக்கும் கணக்கு உண்டு. இளநீர் கூடாது, பழச்சாறு கூடாது. மாசி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு சாயங்காலம், "எதுக்குடி இந்தப் பொழப்பு? ஒரு டம்ளர் தண்ணிக்கு நாதியில்லாம" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அத்தைதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஆத்தாளும் நாளன்னையிலேருந்து வெறும் வயித்தோடதாண்டா கெடக்கப் போறா. நீ ஒண்டியா இல்லடா சாமி" என்று அவர் காலைத் தடவிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து சொம்பில் தண்ணீர் ஊற்றியதும் முதலில் சாமி மாடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறார். பிறகுதான் குடிக்கிறார். அளவு கூடவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

அத்தைக்கு முட்டி தேய்ந்துபோய்விட்டது. வாசல்படி இறங்கவே ஆள் வேண்டும். "நேந்துகிட்டது நானு. நீ நடந்தாலும் நான் நடந்ததுதான். போய்ட்டு வாம்மா" என்று முடிந்துவைத்த காசை அவிழ்த்து என் கையில் வைத்தார். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அவளுக்குத் துணையாக அத்தை வீட்டிலேயே இருந்துவிட்டார்.

ஆத்தாவின் பட்டினியும் அவளுக்குப் பூச்சொரிவதும் தொடங்குகிற ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி வெக்காளியைக் கும்பிட்டுவிட்டு, தட்டு நிறைய மல்லியும் செவ்வந்தியும் அரளியுமாகத் தெருப் பெண்களோடு கிளம்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டி, காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, திருவானைக்காவல் என்று சாலை முழுக்க மஞ்சள் சேலைதான். பகலெல்லாம் காய்ந்த தார் அந்த நேரத்திலும் சூடு விடவில்லை. கொள்ளிடம் பாலம் ஏறும்போது இடது குதிகாலில் கொப்புளம் உடைந்து, ஒவ்வொரு அடியும் சுரீர் என்றது. தட்டைத் தலையிலிருந்து இறக்கக்கூடாது என்று வைராக்கியம். ஆற்றுக் காற்று அடித்தது. தைப்பூசத்துக்கு அண்ணன் ரங்கநாதரிடம் சீர் வாங்க இந்தக் கொள்ளிடக் கரைக்குத்தானே சமயபுரத்தாள் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறந்த வீட்டுச் சீருக்கு ஆசைப்பட்டு ஆற்றங்கரைக்கு வருகிறவளுக்கு, புருஷன் உயிருக்குத் தவிக்கிறவளின் மனசு புரியாமல் போகுமா? கொப்புளம் வலிக்கத்தான் செய்தது. நடந்தேன்.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும். நடந்து வருகிறவர்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிளை விட்டு ஹாரன் அடிப்பதும், மோர் குடித்த டம்ளர்களைக் காலில் மிதிபடுமாறு சாலையிலேயே வீசுவதும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அன்னதானம் கொடுக்கிற புண்ணியவான்கள் ஒரு குப்பைத் தொட்டியும் வைத்தால் கோடிப் புண்ணியம். கோயில் பக்கம் போனால் இன்னும் மோசம். விடியற்காலை பஸ்ஸில் வந்து நம்பர் ஒன் டோல்கேட்டில் என்னோடு சேர்ந்துகொண்ட என் வீட்டுக்காரரின் வாடிய முகத்தைப் பார்த்ததுமே ஒருத்தர் ஒட்டிக்கொண்டார். "உடம்பு முடியாதவரா? நேரா கருவறைக்கிட்ட கூட்டிட்டுப் போறேன், பாத்துக் குடுங்க" என்று தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசினார். நோயாளியின் முகத்தை வைத்துப் பணம் பார்க்கிறவர்களை ஆத்தாதான் கேட்கவேண்டும். "வேணாங்க, வரிசையிலயே போறோம்" என்று என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார்.

வரிசை என்று பேர். கம்பித் தடுப்புக்குள் பின்னாலிருந்து அலை அலையாகத் தள்ளு. அவர் இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறது, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துவைத்த இடம். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது அதிரும். அடிபடக்கூடாது, நசுங்கக்கூடாது. அது அடைத்துப்போனால் டயாலிசிஸே சிக்கலாகிவிடும். அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நிற்க, நான் தட்டோடு முன்னால் நின்றேன். ஒரு தள்ளலில் அவர் முழங்கை கம்பியில் மோதப் பார்த்தது. "அய்யோ, கை!" என்று கத்திவிட்டேன். பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பையன்கள் நாலைந்து பேர், மாலை போட்டு மஞ்சள் வேட்டி கட்டியவர்கள், "என்னக்கா ஆச்சு?" என்று திரும்பினார்கள். சொன்னேன். அடுத்த நிமிஷம் இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றி அரணாக நின்றுவிட்டார்கள். "நீங்க நடுவுல வாங்கண்ணே, எவன் தள்ளுறான்னு பாப்போம்." சந்நிதிவரை அந்தக் கைகள் கம்பியை விடவில்லை. ஆத்தா அனுப்பிய ஆட்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன், சாகும்வரை சொல்வேன்.

சந்நிதியில் எவ்வளவு நேரம் நின்றிருப்போம்? கண்ணை இரண்டு முறை மூடித் திறக்கும் நேரம். என் தட்டு கைமாறி உள்ளே போனது. மூலிகைகளால் ஆன அந்தப் பெரிய திருமேனி கழுத்துவரை பூவுக்குள் இருந்தது. மேலே முகம் மட்டும். நெற்றிக் குங்குமம், அகன்ற கண். என்னென்ன கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மாற்றுச் சிறுநீரகம், மகளின் மார்க்கு, கடன், அத்தையின் முட்டி. ஒன்றுகூட வாயில் வரவில்லை. இன்றிலிருந்து இவள் சோறு தொடமாட்டாள் என்ற நினைப்பு மட்டும் நெஞ்சை அடைத்தது. "பசிக்குமே ஆத்தா" என்றேன். அதுதான் வந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற மாதிரி அவளைப் பார்த்துக் கேட்டேன். "நகருங்க, நகருங்க" என்று தள்ளினார்கள். தலைக்கு மேலே செல்போனைத் தூக்கிப் படமெடுக்கிற கைகளுக்கு நடுவே, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வெளியே வந்தேன். அவர் ஒன்றும் கேட்கவே இல்லையாம். "நல்லா இருக்கியான்னு அவ என்னைக் கேட்டா மாதிரி இருந்துச்சு. இருக்கேம்மான்னு சொன்னேன்" என்றார். வெளிப்பிரகாரத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். துக்கத்தில் இல்லை.

அத்தையின் காசை உண்டியலில் போட்டேன். பக்கத்திலிருந்த ஓர் அம்மா, பட்டினி நாட்களில் ஆத்தாவுக்குப் படைக்கிற துள்ளுமாவும் பானகமும் கொடுத்தார். பானகம் என் வீட்டுக்காரருக்கு ஆகாது. அவர் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விரல் நுனியில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார். "எனக்கு இது போதும். அவளுக்கே இவ்வளவுதானே" என்றார். அவ்வளவு நிறைவாக அவர் எதையும் உண்டு நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறோம். எப்போது வரும் என்பது அவள் கணக்கு. வராவிட்டாலும் அவள் எங்களுக்கு ஆத்தாதான், நாங்கள் அவளுக்குப் பிள்ளைகள்தான். அந்த வராண்டா ராத்திரிக்குப் பிறகு கிடைத்த ஒவ்வொரு விடியலும் அவள் போட்ட பிச்சை. தாயே, மகமாயி, உனக்கு என்ன செய்து தீர்ப்பேன்!

சித்திரைத் தேர் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு டயாலிசிஸ் இல்லாத நாள் என்பதில் அத்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆட்டோ வைத்தாவது வடம் தொட வருவேன் என்கிறார். பூச்சொரிய இந்த வாரங்களில் போகிறவர்கள் உங்கள் வீட்டுக்காகக் கும்பிடும்போது, டயாலிசிஸ் படுக்கையில் படுத்திருக்கிற எல்லாருக்காகவும் ஒரு பூ போட்டுவிட்டு வாருங்கள். ஓம் சக்தி! பராசக்தி!