கறிவேப்பிலைத் தொட்டி

ஜூலை 3
செடி பாதி மொட்டை. பறவை எச்சம் மாதிரி இலையில் ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் புழு. எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. அப்பா வீட்டில் இருந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலோடு வந்திருப்பார். நான் விட்டுவிட்டேன்.

ஜூலை 5
ஐசியூவில் ஐந்து நிமிடம்தான் விடுகிறார்கள்.

ஜூலை 9
எச்ச வேஷம் போய் இப்போது பச்சைப் பசேல். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிரிந்த செம்மஞ்சள் கொம்பை நீட்டுகிறது. விரலெல்லாம் நாற்றம். அத்தை, “அண்ணன் அங்கே அப்படிக் கிடக்கிறார், உனக்குப் புழுவோடு என்ன விளையாட்டு?” என்றாள்.

ஜூலை 12
வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.
ஒரு புழு தின்பதை நிறுத்தி, வயிற்றில் இருந்ததைக் கழித்துவிட்டு, கம்பி, ஜன்னல் என்று அலைந்தது. இரவில் பார்த்தால் இடுப்பில் பட்டிழை கட்டிக் குச்சியில் சாய்ந்திருக்கிறது. உடம்பில் இளமை ஹார்மோன் இருக்கும்வரை எத்தனை முறை தோலுரித்தாலும் மறுபடி புழுதானாம். அது வற்ற வேண்டும்.

ஜூலை 13
தோல் கழன்றுவிட்டது. கூட்டுப்புழு.

ஜூலை 15
தூக்கம் வரவில்லை. உள்ளே எல்லாம் கூழாகிவிடும் என்று பள்ளியில் சொன்னது பாதிதான் சரி. புழுவின் தசைகள் பெரும்பாலும் கரைகின்றன, குடல் புதிதாக உருவாகிறது. ஆனால் சிறகுக்கான செல்கள் புழுவுக்குள்ளேயே மடிந்து காத்திருந்தவை. மூளையும் முழுக்கக் கரைவதில்லை, இணைப்புகளை மாற்றிக்கொள்கிறது. 2008இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் புகையிலைக் கொம்புப்புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி லேசாக ஷாக் கொடுத்தார்கள். அந்துப்பூச்சியான பிறகும் அவை அந்த வாசனையிலிருந்து விலகின. கடைசிப் புழுப் பருவத்தில் கற்றவை மட்டும். சின்னதாக இருந்தபோது கற்றவற்றுக்கு நினைவில்லை.
அப்பாவுக்கு ஐந்தாம் வகுப்பு வாத்தியார் பெயர் வந்துவிட்டது. என் பெயர் வரவில்லை. பூச்சிக்கு நேர் தலைகீழ்.

ஜூலை 17
வலது கை. ஒரு விரல்.

ஜூலை 19
குழாய்க்குப் பின்னால் பழைய கூடு ஒன்று, பழுப்பாக. பக்கத்தில் ஊசித்துளை. குளவி உள்ளே தின்று முடித்துப் போயிருக்கிறது. எரிச்சலாக இருந்தது. யாரிடமும் பேசவில்லை.

ஜூலை 21
காலையில் கூடு கறுத்து, சிறகின் மஞ்சள் புள்ளிகள் வெளியே தெரிந்தன. அப்புறம் வெடித்தது. கசங்கிய சிறகுகளுக்குள் ரத்தத்தை ஏற்றி ஏற்றி விரித்தது. உறிஞ்சுகுழல் இரண்டு பாதியாகத்தான் வெளியே வருகிறது! சுருட்டுவதும் நீட்டுவதுமாக இருந்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. சேராவிட்டால் பட்டினிதான். ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகிவிட்டது, அத்தை இரண்டு முறை போன் செய்துவிட்டாள்.
வாத்தியார் பெயரையே மறுபடி சொன்னார். இந்த முறை என்னைப் பார்த்து.

ஜூலை 22
இன்று வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. சோடியம் குறைவு என்று நிறுத்திவிட்டார்கள். படிக்கட்டுக்குக் கைப்பிடி வைக்க நாளை ஆள் வருகிறான்.