கடவூர் வழிபாடும் கடலோரத்து மாசிலாமணிநாதரும்

தருமபுரிப் பக்கத்திலிருந்து அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் கடவூர் என்னும் திருக்கடையூருக்குச் செல்லும் குடும்பங்கள் பல. அவர்கள் ஹோமமும் அபிஷேகமும் முடித்து, அபிராமியைத் தொழுது, நேரம் இருந்தால் வைத்தீஸ்வரன் கோயிலுக்கோ திருநள்ளாற்றுக்கோ போய்விட்டு ஊர் திரும்புவார்கள். திருக்கடையூரிலிருந்து ஏறத்தாழ எட்டே கிலோமீட்டரில், தரங்கம்பாடியில், கடல் அலை மதிலைத் தொடும் இடத்தில், மாசிலாமணிநாதர் என்ற பெயரோடு ஒரு பழைய சிவாலயம் இருப்பதை அவர்களில் பலரும் அறிந்திருப்பதில்லை. தரங்கம்பாடி என்றால் டேனிஷ் கோட்டை, சுற்றுலா, புகைப்படம் என்ற அளவிலேயே நம் பேச்சு நின்றுவிடுகிறது. எங்கள் மாமாவின் மணிவிழாவுக்காகச் சென்றபோது அந்த ஆலயத்தை வழிபடும் பேறு எங்களுக்குக் கிடைத்தது. கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் கோயிலையும், கடவூருக்குப் போகிறவர்கள் தரங்கம்பாடியையும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணத்தினாலேயே இதை எழுதுகிறேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வேன் புறப்பட்டது. தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம், ஆத்தூர், விருத்தாசலம் வழியாகச் சிதம்பரத்தை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. சீர்காழியைத் தாண்டியதும் அத்தை, "காவேரி எந்தப் பக்கம் கடல்ல சேருது கண்ணு?" என்று கேட்டார். பூம்புகார் இருக்கும் திசையைக் காட்டினேன். ஆடிப் பதினெட்டு அன்று ஒகேனக்கல்லில் தலை முழுகி, காதோலை கருகமணியும் மஞ்சளும் ஆற்றில் விட்டு வணங்கும் வழக்கத்தில் வளர்ந்தவர் அவர். பாறைகளுக்கு இடையே இரைந்து விழும் காவிரியை மட்டுமே கண்டிருந்த அவர், வயல்களுக்குள் கிளை கிளையாகப் பிரிந்து அடங்கிப்போன அதே காவிரியின் நாட்டைச் சன்னல் வழியே கைகூப்பியபடி பார்த்துக்கொண்டு வந்தார்.

திருக்கடையூர், சிவன் வீரச்செயல் புரிந்த எட்டு இடங்களான அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. மார்க்கண்டேயருக்காகக் கூற்றுவனை இறைவன் காலால் உதைத்த இடம் இது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தலம்; குங்கிலியக்கலய நாயனாரும் காரி நாயனாரும் வாழ்ந்த ஊர். கள்ளவாரணப் பிள்ளையாரை வணங்கிவிட்டே எதையும் தொடங்க வேண்டும் என்று குருக்கள் சொன்னார். கோபூசையும் கஜபூசையும் முடிந்தபின், ஹோமப் புகை நிறைந்த மண்டபத்தில், கலசங்களில் மந்திரித்த நீரைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக மாமா, அத்தை தலையில் ஊற்றினோம். பிறகு புதுப்புடவையும் வேட்டியும் உடுத்தி, மாலை மாற்றி, மாமா மறுபடியும் தாலி கட்டினார். சுற்றிலும் அதே நேரத்தில் வேறு பல தம்பதியருக்கும் இதே சடங்கு நடந்துகொண்டிருந்தது. அவரவர் ஊர்ப் பேச்சும் அவரவர் வீட்டு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்து கேட்டன.

அமிர்தகடேசுவரர் சன்னிதியில் குருக்கள் தீபத்தைச் சற்றே தாழ்த்தி, சிவலிங்கத் திருமேனியில் பாசக்கயிறு பட்ட தழும்பைக் காட்டினார். அடுத்துக் காலசம்ஹாரமூர்த்தியைத் தரிசித்தோம். செப்புத் திருமேனியின் கம்பீரத்தைச் சொல்லி முடியாது; எமனைக் கீழே தள்ளி நிற்கும் அந்தக் காலின் உறுதியும், அதற்கு மாறாக முகத்தில் தவழும் அமைதியும் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. அபிராமி சன்னிதியில் நெடுநேரம் நின்றோம். தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்ட அபிராமி பட்டருக்காகத் தன் தோட்டையே நிலவாக்கி வானில் வீசிய தாய் அவள் என்ற வரலாற்றை, எங்கள் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டோம். ஊருக்குள் நுழையும் வழியில் வெண்மையான பெரிய நுழைவாயில் ஒன்று நிற்கிறது. பழைய நகர மதிலில் எஞ்சியிருக்கும் வாசல் இது; மேலே டென்மார்க் அரச முத்திரையும் 1792 என்ற ஆண்டும் உள்ளன. அந்த ஆண்டைக் கண்டதும் எனக்கு எங்கள் மண்ணின் நினைவே முதலில் வந்தது. அதே 1792இல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் எங்கள் பகுதியில் நிலத்தை அளந்து வரி வகுக்கத் தொடங்கினார்கள். மலைக்கோட்டைகள் கைமாறிய அதே ஆண்டில் இங்கே கடற்கரையில் வேறொரு நாட்டார் தங்கள் வாசலைப் புதுப்பித்துக் கட்டியிருக்கிறார்கள்.

டேனியர் இங்கு வந்த கதை விரிவானது. 1616இல் தொடங்கப்பட்ட டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி மிளகை நாடிக் கப்பல்களை அனுப்பியது. முன்னதாக வந்த கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்த்துகீசியர் தாக்கி மூழ்கடித்துவிட்டனர். அதில் தப்பிய ரோலண்ட் கிராப் என்பவர் தஞ்சை அரசவையை அடைந்தார். ஓவே ஜெத்தே என்ற தளபதி மற்றக் கப்பல்களோடு வந்து சேர்ந்தபின், 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டேனியருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு இரகுநாத நாயக்கர் தங்க ஓலையில் தமிழில் எழுதுவித்து அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்த ஆண்டிலேயே டேன்ஸ்போர்க் கோட்டை எழத் தொடங்கியது. இடையில் சில ஆண்டுகள் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்ததைத் தவிர்த்தால், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும் வரை இரண்டேகால் நூற்றாண்டு இவ்வூர் டேனியர் வசம் இருந்தது.

வாசலிலிருந்து ராஜவீதி நேரே கடலை நோக்கிச் செல்கிறது. இரு பக்கமும் பழைய மாளிகைகள், தூண் வைத்த திண்ணைகள், 1701ஆம் ஆண்டைச் சேர்ந்த சீயோன் ஆலயம், 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம். இந்தப் பின்னதைக் கட்டியவர் ஜெர்மனியரான கிறிஸ்தவ சமயப் பணியாளர் சீகன்பால்க். அவருடைய உடலும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. நாங்கள் சிவனைத் தொழ வந்தவர்கள் என்றாலும், அந்த மனிதரைப் பற்றி மரியாதையோடு சில வார்த்தைகள் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. 1706 ஜூலை 9 அன்று இக்கரையில் இறங்கிய அவர், மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் கற்றார். டேனிஷ் ஆளுநரின் கோபத்துக்கு ஆளாகி இதே கோட்டையில் சில மாதங்கள் சிறையிருந்தார். அச்சுக்கூடம் அமைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். தாள் தட்டுப்பாட்டால் பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறையே நிறுவப்பட்டது. கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் இன்னும் அங்கே வழங்குகிறது. தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றியும் அவர் 1713இல் ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதினார். அவரை அனுப்பிவைத்தவர்கள் அதை விரும்பாததால் அது அச்சேறவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் 1867இல் சென்னையில்தான் வெளிவந்தது. நம்முடைய சிவனையும் அம்மனையும் ஐயனாரையும் பற்றி இவ்வளவு கேட்டுக் கேட்டு எழுதியவரை இவ்வூரின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

வீதி முடியும் இடத்தில் பெரிய திடல். அதன் தென்புறம் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய அதன் கீழ்த்தளத்தில் சரக்கறைகளும் சிறைக்கூடமும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநர் தங்கினார். இப்போது தமிழகத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. பீங்கான் பாண்டங்கள், வாள்கள், ஈட்டிகள், பீரங்கிக் குண்டுகள், ஒரு திமிங்கிலத்தின் எலும்பு ஆகியவற்றைப் பிள்ளைகள் ஆர்வமாகப் பார்த்தார்கள். மேல்தளத்துக் கைப்பிடிச் சுவரருகே நின்றால் வங்கக் கடல் முழுவதும் கண்ணில் விரிகிறது. கோட்டையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகமில்லை. நல்ல முறையில் பேணப்படுகிறது, பார்க்க வேண்டிய இடம்.

திடலின் வடபுறம், கடற்கரையை ஒட்டி, மாசிலாமணிநாதர் ஆலயம். கோட்டைக்கு முந்நூறு ஆண்டுகள் மூத்தது இது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டையொட்டி எழுந்தது என்பதைக் கல்வெட்டு காட்டுகிறது. அக்கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. டேனியர் வந்து துறைமுகம் ஆக்கினார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடம், அவர்கள் பெயரை இந்நாட்டார் கேட்டிராத காலத்திலேயே பட்டினம் என்று பெயர் பெற்று, வணிகரும் மீனவரும் தொழும் கற்கோயில் ஒன்றைக் கொண்டிருந்தது என்பது இதனால் விளங்கும்.

ஆனால் அந்தக் கோயிலின் பெரும்பகுதி இன்று இல்லை. கிழக்கே இருந்த முன்மண்டபங்களைக் கடல் சிறுகச் சிறுக அரித்துக் கொண்டுபோய்விட்டது. பல ஆண்டுகளாகக் கருவறையும் உடைந்த சுவர்களுமாக, அலைக்கு நேர் எதிரே நின்றிருந்த ஆலயம் அண்மைக் காலத்தில் திருப்பணி செய்யப்பட்டிருக்கிறது. கரையைக் காக்கப் பாறாங்கற்களைக் குவித்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் அலை மோதும் ஓசை சன்னிதிக்குள்ளும் இடைவிடாமல் கேட்கிறது. குருக்கள் சொல்லும் மந்திரத்தை ஒவ்வோர் அலையும் சற்று மறைத்து, பிறகு விட்டுவிடுகிறது. கூட்டமே இல்லை. வெளியே வலை சரிபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் மாமா பேச்சுக் கொடுத்தார். "எங்க தாத்தா காலத்துல கோயிலுக்கு முன்னால நடந்து போக நெறைய எடம் இருந்துச்சுன்னு சொல்வாரு ஐயா. கடல் வந்துகிட்டே இருக்கு. சாமி மட்டும் நகரல," என்றார் அவர்.

காலனை வென்ற இறைவனிடம் காலையில் ஆயுள் வேண்டி நின்றவர்கள் நாங்கள். அன்று பிற்பகலே, காலம் எதையெல்லாம் கொண்டுபோகும் என்பதை அதே இறைவன் தன் கோயிலைக் கொண்டே காட்டியதாக எனக்குத் தோன்றியது. மண்டபம் போயிற்று, பாண்டியனும் போனான், பட்டினம் என்ற பெருமையும் போயிற்று. வில்வமும் விளக்கும் மட்டும் நின்றுபோகவில்லை. மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் பதில் சொல்லாமல், அர்ச்சனைத் தட்டை வாங்கி எல்லோருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் மறுபடியும் முதலிலிருந்து குருக்களிடம் சொல்லத் தொடங்கினார்.

எங்கள் தருமபுரியில் இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் அது. அவனுடைய கோட்டை இன்று பெயரளவில் அதியமான்கோட்டை என்ற ஊராக நிற்கிறது. நகரத்துக்குள் இருந்த கோட்டையும் அவ்வாறே. மல்லிகார்ச்சுனரும் காமாட்சியம்மனும் எழுந்தருளியிருக்கும் ஆலயத்தைக் கோட்டைக் கோயில் என்று நாம் அழைக்கிறோமே தவிர, கோட்டையைத் தேடினால் கிடைக்காது. தரையைத் தொடாமல் நிற்கும் தூணைக் காட்டி வெளியூராரை வியக்க வைக்கும் நாம், அந்தக் கோயிலைச் சுற்றியிருந்த மதில் எங்கே என்று கேட்டதில்லை. கோட்டை அழிந்து கோயில் நிலைத்த ஊரிலிருந்து, கோட்டை நிலைத்துக் கோயிலைக் கடல் கொண்ட ஊருக்குச் சென்றதனாலோ என்னவோ, மாசிலாமணிநாதர் முன் நின்றபோது சொந்த ஊர்ச் சாமிக்கு ஏதோ குறை நேர்ந்ததைக் கேட்டதுபோல் மனம் கனத்தது. கோட்டைக்கு அரசும் அயல்நாட்டு ஆர்வலர்களும் துணை நின்றார்கள், அது நல்லதே. கோயிலுக்குத் துணை நிற்க வேண்டியவர்கள் வழிபடும் நாம்தான். போய் ஒரு விளக்கேற்றினாலே அது அந்த ஆலயத்துக்குச் செய்யும் தொண்டு.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையிலும் பெரும் உயிர்ச்சேதத்தை ஏற்படுத்தியது. வலைகளும் படகுகளும் நிறைந்த மீனவர் தெரு வழியாக நடந்து திரும்பும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் பேசவில்லை. வழியில் தில்லையாடியையும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் போராட்டத்தில் சிறை சென்று 1914இல் பதினாறு வயதிலேயே உயிர் நீத்த வள்ளியம்மையின் தாயாரது ஊர் அது. இருட்டிவிட்டதால் அவருடைய நினைவு மண்டபத்தை வெளியே நின்று வணங்கியதோடு சரி.

திருக்கடையூர் செல்லும் நம் பகுதியினருக்கு ஒன்று சொல்வேன். ஹோமமும் விருந்தும் முடியும்போது நண்பகல் ஆகிவிடும். வெயில் தாழ்ந்தபின் தரங்கம்பாடி செல்வது நல்லது. முதலில் கோட்டையைப் பார்த்துவிட்டு, மாலைப் பூசைக்குக் கோயிலை அடையுங்கள். அங்கே பூக்கடையும் தேங்காய்க்கடையும் வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வில்வம், நல்லெண்ணெய், திரி, தேங்காய், பூ எல்லாவற்றையும் திருக்கடையூர்ச் சன்னிதித் தெருவிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் அடுத்து எண்பதாம் கல்யாணம் காணும் தாத்தா, பாட்டியிடம் இதைச் சொல்லியிருக்கிறோம். மாசிலாமணிநாதருக்கு எண்ணெய் வாங்கித் தருவது தன் பொறுப்பு என்று அத்தை முன்கூட்டியே பணம் எடுத்து வைத்துவிட்டார்.