பான்ஷி: ஜெட்டில் கை வைப்பதற்கு முன்னால்

ஷார்ஜாவில் எங்கள் முதலாளியின் அண்ணன் மகன் பழைய யமஹா பான்ஷி ஒன்று வைத்திருக்கிறார். குளிர் தொடங்கிவிட்டால் மதாம் பக்கத்து மணல் மேடுகளில்தான் அவர் வாசம். போன சீசனில் அதன் இடது பிஸ்டன் சீஸ் ஆனது, அதாவது சூடேறி சிலிண்டருக்குள் இறுகிவிட்டது. ஒரு கராஜில் புதுப் பிஸ்டன் போட்டு, மெயின் ஜெட்டையும் (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு; நம்பர் கூடினால் பெட்ரோல் கூடும்) 200-லிருந்து 220-க்கு ஏற்றிக் கொடுத்தார்கள். மறுபடியும் அதே இடது பக்கம்தான் போனது. அதற்கப்புறம் வண்டி என்னிடம் வந்தது. நான் பிழைப்புக்குப் பார்ப்பது ஜெனரேட்டர் வேலை. டூ ஸ்ட்ரோக் பைத்தியம் ஊரில் ஆர்எக்ஸ் 100 பிரித்து மாட்டிய காலத்தில் பிடித்தது, இன்னும் விடவில்லை.

பான்ஷி தெரியாதவர்களுக்கு: 1987-இல் அறிமுகமான நாலு சக்கர மணல் வண்டி அது. 347 சிசி, இரட்டைச் சிலிண்டர், தண்ணீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக். அமெரிக்காவில் 2006 மாடலோடு நிறுத்திவிட்டார்கள். இதன் இன்ஜின் யமஹாவின் ஆர்டி 350 எல்சி பைக் வழி வந்தது. போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 54 மி.மீ. என்றதும் நம் ஊர்ப் பழைய மெக்கானிக்குகளுக்குப் பொறி தட்டும். 1983-இல் இந்தியாவுக்கு வந்த ராஜ்தூத் 350-க்கும் இதே அளவுதான். அது காற்றில் குளிர்வது, இது தண்ணீரில் குளிர்வது. சொந்தக்காரர்கள்தான்.

ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றி இரண்டு பிஸ்டன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வலது பிஸ்டனின் தலை நல்ல காப்பிப் பழுப்பு. இடதின் தலை ஓரம் வெளுத்து, எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக இழுத்திருந்தது. ரிங் ஒட்டிப்போய் நகத்தால் அசைக்க முடியவில்லை. பெட்ரோல் குறைந்து, காற்று கூடி, சூடேறிச் செத்த பிஸ்டனின் அடையாளம் இது. இதைப் பார்த்துத்தான் அந்தக் கராஜில் ஜெட்டைப் பெரிதாக்கியிருப்பார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் ஒரே டேங்க், ஒரே ஆயில் கலவை, ஒரே நம்பர் ஜெட். வலது பக்கம் சௌக்கியமாக இருக்கும்போது இடது மட்டும் பெட்ரோல் போதாமல் காய்கிறது என்றால் ஜெட் நம்பர் காரணமாக இருக்க முடியாது. ஒன்று, இடது கார்பரேட்டருக்குப் பெட்ரோல் சரியாக வரவில்லை. இல்லையென்றால் கார்பரேட்டரைத் தாண்டி எங்கிருந்தோ காற்று உள்ளே நுழைகிறது. கார்பரேட்டரைப் பிரித்து எல்லாத் துளையிலும் காற்றடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஊசி வால்வும் மிதவையும் ஒழுங்கு. மிச்சம் இருந்தது காற்றுக் கசிவு ஒன்றுதான்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் தண்டு சுற்றும் அறையான கிராங்க் கேஸே ஒரு பம்ப். பெட்ரோல், காற்று, ஆயில் மூன்றும் கலந்து முதலில் பிஸ்டனுக்கு அடியில்தான் போகும். பிஸ்டன் மேலேறும்போது கீழே வெற்றிடம் உண்டாகி ஒருவழி இதழான ரீட் வால்வு திறக்கும்; இறங்கும்போது உள்ளே வந்தது அழுத்தப்பட்டு, சிலிண்டர் சுவரிலுள்ள திறப்பான போர்ட் வழியாக மேலே பாயும். அந்த அடி அறையில் ஊசி நுழையும் ஓட்டை இருந்தாலும் போதும், ஒவ்வொரு சுற்றிலும் கணக்கில் வராத காற்றை அது குடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் (தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம்) போனால் தரையில் ஆயில் சொட்டும், நமக்குத் தெரிந்துவிடும். இதில் பிஸ்டன்தான் தெரிவிக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி ரொம்பப் பழையது. எக்ஸாஸ்ட் போர்ட்டையும் இன்டேக்கையும் அடைத்துவிட்டு, உள்ளே 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, 6 நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பது. வெளிநாட்டுக் கிட் விலைக்கு வருகிறது. நான் வாங்கவில்லை. எக்ஸாஸ்ட்டுக்கு, போல்ட்டைத் திருகினால் விரியும் ரப்பர் அடைப்பான். இன்டேக் ரப்பருக்குள் அளவான பிவிசி மூடி. ஒன்றில் மட்டும் துளை போட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வு. கேஜுக்கும் பம்புக்கும் பழைய பிபி பார்க்கும் கருவி. அதன் முள் 300 (பாதரச மி.மீ.) வரை போகும், அது கிட்டத்தட்ட 5.8 பி.எஸ்.ஐ. சோதனைக்கு வேண்டிய அழுத்தம் அங்கேயே வந்துவிடுகிறது. கம்ப்ரஸர் குழாயை நேராகச் சொருகினால் நல்ல சீலும் பிதுங்கிக்கொண்டு வந்துவிடும். கையில் அமுக்கும் இந்த ரப்பர் பல்பில் அந்தப் பயம் இல்லை. பான்ஷியில் இரண்டு இன்டேக் ரப்பருக்கும் நடுவே ஒரு குழாய் ஓடுவதால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே அடைத்துச் சோதிக்க வேண்டும். சோதனைக்கு ஹெட்டும் சிலிண்டரும் மாட்டியிருக்க வேண்டும் என்பதால் பழைய பிஸ்டன்களோடே தற்காலிகமாகப் பூட்டிக்கொண்டேன்.

பல்பை அமுக்கி முள்ளை 300-க்குக் கொண்டுபோய் விட்டேன். கண் முன்னாலேயே இறங்கியது. ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு மூட்டாகத் தடவிக்கொண்டு வந்தேன். சிலிண்டர் அடி கேஸ்கெட் நன்றாக இருந்தது. இடது இன்டேக் ரப்பரின் அடிப்பக்கத்தை விரலால் கொஞ்சம் மடக்கியதும் மயிரிழை விரிசல் வாயைத் திறந்து நுரை தள்ளியது. சும்மா இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. கார்பரேட்டரின் எடையும் அதிர்வும் சேரும்போது திறந்துகொள்ளும். சரி, ஆள் அகப்பட்டான் என்று ரப்பரை மாற்றிவிட்டு மறுபடி ஏற்றினால், முள் இன்னும் இறங்குகிறது. மெதுவாக, ஆனால் நிற்காமல்.

இடது பக்க மூடியைத் திறந்து, புல்லர் போட்டு ஃப்ளைவீலை இழுத்து, ஸ்டேட்டர் தட்டையும் எடுத்தேன். கிராங்க் வெளியே வரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் வைத்ததும் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்தன. ஆயில் சீலின் உதடு கல்லாகக் காய்ந்திருந்தது. கோடை முழுக்க தகரக் கொட்டகைக்குள் வண்டி நிற்கும் ஊர் இது, ரப்பர் வேறு எப்படி இருக்கும்?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இடது சீல் போனால் காற்று உள்ளே வரும், பிஸ்டன் காயும். வலது சீல் போனால் கதை வேறு. அந்தப் பக்கம் கிளட்சும் கியர் ஆயிலும் இருப்பதால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சும். சைலன்சரில் புகை குறையவே குறையாது, வலது பிளக் அடிக்கடி நனையும், கியர் ஆயில் மட்டம் காரணமில்லாமல் இறங்கும். டூ ஸ்ட்ரோக் என்றால் புகை வரத்தான் செய்யும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சீலின் வெளிச்சுற்றில் ஒரு மேடு உண்டு. கேஸில் இருக்கும் பள்ளத்தில் அது உட்கார வேண்டும். கேஸ் மேல் பாதி கீழ்ப் பாதியாகப் பிரியும் வகை. ஆக, முறையாகச் செய்ய இன்ஜினை இறக்கிக் கேஸைப் பிரித்தே தீர வேண்டும். அந்த மேட்டைப் பிளேடால் சீவிவிட்டு வெளியிலிருந்தே தட்டி ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பள்ளத்தில் பிடிப்பில்லாத சீல் என்றைக்கு நகரும் என்று யாருக்குத் தெரியும்? வண்டிக்காரருக்கு வேலை நீள்கிறதே என்று கொஞ்சம் வருத்தம். ஜெட்டை இன்னும் பெரிதாகப் போட்டுப் பார்க்கலாமா என்று இந்தியில் கேட்டார். கேஜைக் காட்டி, முள் நிற்கும்வரை ஜெட் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்றேன்.

பிரித்த கையோடு கிராங்கையும் பார்த்தாயிற்று. வி பிளாக்கில் வைத்து டயல் கேஜ் போட்டதில் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் அடங்கியது. கனெக்டிங் ராடில் மேல் கீழ் ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், அது இருக்க வேண்டியது. வெளி பேரிங்குகளையும் இரண்டு சீல்களையும் புதிதாகப் போட்டேன். கேஸ் மூடும் இடத்தில் கேஸ்கெட் கிடையாது, பசைதான். பழைய பசையைச் சுரண்டும்போது கேஸின் முகத்தில் கீறல் விழாமல் பார்ப்பதற்கே பாதிப் பொழுது போய்விட்டது.

சிலிண்டர் போர் போட, அதாவது உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க, இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு பாகிஸ்தானி உஸ்தாதிடம் போனேன். பிஸ்டன் கையில் இல்லாமல் வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுவார், அதனாலேயே அவரைப் பிடிக்கும். இரண்டு சிலிண்டரையும் ஒரே ஓவர்சைஸுக்கு ஏற்றினோம். பிஸ்டனுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைப் பிஸ்டன் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அடித்துச் செய்த பிஸ்டன் வார்ப்பு பிஸ்டனைவிட அதிகம் விரியும், கூடுதல் இடம் கேட்கும். போர் போட்டதும் போர்ட் விளிம்புகள் கத்தி மாதிரி நிற்கும். அவற்றைச் சாய்த்து மழுக்காமல் விட்டால் ரிங் அதில் மாட்டி ஒடியும். ஹோனிங் (சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) முடிந்த சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவினால் போதாது. சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். அப்புறம் ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி சாம்பல் நிறம் காட்டக் கூடாது. நான் துடைத்ததில் சாம்பல் வந்துகொண்டே இருந்தது, வராமல் போகும்வரை கழுவினேன்.

மாட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம், ரிங்கின் வாய் பள்ளத்தில் அதற்குரிய பின்னின் மேல், பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் லாக் புதிது. இதெல்லாம் ஆர்எக்ஸ் பார்த்தவர்களுக்குத் தெரிந்ததே. ரீட் இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், முனை சிதையவில்லை.

எல்லாம் பூட்டியபின் பிபி கருவி மறுபடி வந்தது. முள் 300-இல் நின்றது. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் கிட்டத்தட்ட அங்கேயே இருந்தது.

அதற்கப்புறம்தான் ட்யூனிங். முதலில் இரண்டு கார்பரேட்டரின் ஸ்லைடும் (த்ராட்டிலோடு எழுந்து காற்று வழியைத் திறக்கும் துண்டு) ஒன்றாக எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே தடிமனுள்ள இரண்டு டிரில் பிட்களை ஸ்லைடுகளுக்கு அடியில் வைத்து, கட்டைவிரல் த்ராட்டிலை மெல்ல அழுத்தினால் இரண்டும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். இடது கொஞ்சம் பிந்தி எழுந்தது. கேபிள் நட்டைத் திருகிச் சமன் செய்தேன். புது பிளக், என்ஜிகே பி8இஎஸ், இடைவெளி 0.7 மி.மீ.

கராஜில் போட்ட 220-ஐ அப்படியே விட்டுத்தான் ஓட்டத் தொடங்கினேன், கூடுதல் பெட்ரோலில் ஆரம்பிப்பதே பிஸ்டனுக்குப் பாதுகாப்பு. புது பிஸ்டன் என்பதால் முதலில் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி என்று போனது. சீசன் நடுவிலும் சூடாகாத வண்டியை நேராக மேட்டில் ஏற்றக் கூடாது. பிஸ்டன் சீக்கிரம் விரியும், தண்ணீர் சூழ்ந்த சிலிண்டர் நிதானமாக விரியும். நல்ல ஜெட்டிங் இருந்தாலும் இறுகிவிடும்.

முழு த்ராட்டிலில் 220 சரியாகவே வரவில்லை. வேகம் எடுக்காமல் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி தட்டித் தட்டி ஓடியது, பிளக் கன்னங்கரேல். கசிவு நின்ற பிறகு அந்த ஜெட் வெறும் சுமை. 210-இல் கொஞ்சம் தெளிந்தது. 200-இல், அதாவது கம்பெனி போட்ட நம்பரில், சீறிக்கொண்டு கிளம்பியது. கெட்டித் தரையில் மேல் கியரில் முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்து இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பீங்கானின் முனையைப் பார்த்துப் பயனில்லை, அடியில் உலோகத்தோடு சேரும் இடத்தில் பழுப்பு வளையம் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு.

பாதி த்ராட்டிலில் இருந்த சின்ன மந்தத்துக்கு, ஸ்லைடில் தொங்கும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினேன். கிளிப் மேலே போனால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். புதிதாகத் தொடுபவர்கள் இதைத் தலைகீழாக நினைப்பார்கள். ஐட்லிங்குக்கு ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். த்ராட்டில் திறப்பில் எந்தப் பகுதி மந்தம் என்று தெரியாமல் ஜெட் மாற்றுவது வீண் வேலை. கால், பாதி, முக்கால் என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் எதைத் தொட வேண்டும் என்பது தானே தெரியும்.

ஆயில் கலவையையும் நடுவில் மாற்றக் கூடாது. இந்த வண்டிக்குக் கம்பெனி சொல்வது 24-க்கு 1, பலர் போடுவது 32-க்கு 1. 5 லிட்டர் பெட்ரோலுக்கு முன்னதில் 208 மி.லி., பின்னதில் 156 மி.லி. ஆயில் அதிகமானால் ஜெட் வழியே போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், ஆக ஜெட்டிங் நகர்ந்துவிடும். நாங்கள் 32-இல் நிலைத்தோம். அளவுக் குடுவையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன், கண் திட்டத்தில் ஊற்றும் பழக்கம் அவருக்கு உண்டு.

இப்போது வேலை ஃபில்டரோடுதான். மணலில் போய்வந்தால் ஒவ்வொரு முறையும் ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, சோப்பில் கழுவி, காயவைத்து, ஃபில்டர் ஆயில் பிசைந்து, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டுகிறார். 15 டிகிரி காலைக் காற்று 45 டிகிரிக் காற்றைவிடப் பத்து சதவீதம் அடர்த்தி கூடியது என்பதால், கோடையில் ட்யூன் செய்த வண்டி குளிரில் காயும். எங்களுடையது குளிருக்கு வைத்தது, வெயில் ஏறினால் பெட்ரோல் கூடி பிளக் கொஞ்சம் கறுக்கும், பிஸ்டனுக்கு ஆபத்தில்லை. சீசன் முடிந்ததும் டேங்க்கையும் கார்பரேட்டர் கிண்ணங்களையும் காலி செய்து, பிளக் துளையில் கொஞ்சம் டூ டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் விட்டு கிக்கரை மெல்லச் சுற்றி வைப்போம். கொட்டகையிலிருந்து எடுத்ததும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிபி கருவியை மாட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம்.