மீன் வாடை என்று விட்டிருந்தால்

காசிமேட்டில் வீட்டுக்குள் மீன் வாடை அடித்தால் யார் கண்டுகொள்வார்கள்? மீன்பிடித் துறைமுகம் நாலு தெரு தள்ளித்தான். ஹீட்டர் போடும்போது மட்டும் அந்த வாடை வருவதை அம்மாதான் கவனித்தார். "இது மீனு இல்லடா, என்னமோ தீயுது" என்றார். பேக்லைட்டும் பிளாஸ்டிக்கும் சூடேறினால் மீன் வாடைபோல வருமென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். பிளக் பாயிண்டைக் கழற்றினார். நியூட்ரல் ஸ்குரு தளர்ந்து, உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்து, மேலுறை அரை விரல் நீளத்துக்குக் கரியாகியிருந்தது.

"எம்சிபி ஏண்ணே விழல?" என்றேன். கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச் அது.

"அது ஏன் தம்பி விழப்போவுது?" என்று விளக்கினார். 2000 வாட் ஹீட்டர் இழுப்பது 9 ஆம்பியருக்குள். லூஸான இடத்தில் ஸ்பார்க் அடித்தாலும் அதே கரண்ட்தான் ஓடும், அதற்குமேல் ஏறாது. எம்சிபியோ 16 ஆம்பியர். பேஸ் கம்பியில் போன கரண்ட் அப்படியே நியூட்ரல் கம்பியில் திரும்புவதால், 30 மில்லிஆம்பியர் வெளியே கசிந்தால் விழும் ஆர்சிசிபி என்ற சுவிட்சுக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பொறியின் சூடு ஆயிரக்கணக்கான டிகிரி. கரியான உறை கரண்டைக் கடத்தும், அடுத்த பொறி இன்னும் சுலபமாக அடிக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் அம்மாவின் கட்டில்.

மறுநாள், வயர் உறை கரண்டைக் கசியவிடுகிறதா என்று சோதிக்கும் 500 வோல்ட் மெகர் வைத்து எல்லா லைனும் பார்த்தார். ஒரு லைன் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டியது, அதாவது உறை பலவீனம்; அதையும் ஹீட்டர் லைனையும் உருவி, புது 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் இழுத்தோம். வீட்டிலிருந்த ஸ்குரு ஒவ்வொன்றையும் முறுக்கினார்.

ஏஎஃப்டிடி என்ற கருவி தேடித்தான் அலைந்தேன். ஸ்பார்க் அடிக்கும்போது கரண்டில் எழும் உயர் அதிர்வெண் இரைச்சலைக் கேட்டு லைனைத் துண்டிக்கும். டிரில் மோட்டாரின் இயல்பான பொறியைப் பிரித்தறிந்து விட்டுவிடும். இதற்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62606 போட்டதாக வேண்டுமென்றேன். பாரிமுனையில் இரண்டு கடையில் பெயரே தெரியவில்லை, மூன்றாவதில் ஆர்டர் எடுத்தார்கள். ஆர்சிசிபியைவிட விலை அதிகம்தான், கொடுத்தேன். பொறி இல்லாமல் வெறுமனே சூடேறும் இணைப்பை இது பிடிக்காது, ஆகவே ஸ்குரு முறுக்குவதை விடவே கூடாது என்று அண்ணன் இரண்டு முறை சொன்னார்.

மாட்டிய ஐந்தாம் நாள் அயர்ன் பாக்ஸ் போட்டதும் ஏஎஃப்டிடி விழுந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. வயரைப் பிளக்குப் பக்கம் வெட்டிப் பார்த்தோம்: உள்ளே இழைகள் அறுந்து, நாலைந்து மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மா தினமும் கையில் பிடித்த வயர் அது.