எங்கள் சுமைதாங்கி ஒழுங்கையின் பெயரைத் திரும்ப வாங்க ஏழு மாதம்

போன கிழமைதான் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைக்கு, அதாவது சந்துக்கு, பெயர்ப்பலகை நட்டார்கள். மூன்று மொழியிலும் ‘சுமைதாங்கி ஒழுங்கை’. ஏழு மாத அலைச்சலில் வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக அடங்கவில்லை, ஆனாலும் மறக்கமுன் எழுதிவிடுகிறேன், இதே பிரச்சினையில் நிற்கும் யாருக்காவது இரண்டு நடை மிச்சமாகட்டும்.

தங்கைக்கு வீட்டுக் காணியை எழுதிக் கொடுக்கும்போதுதான் சிக்கல் தெரிய வந்தது. சோலைவரித் துண்டிலும் (வீட்டு வரி ரசீது) அடையாள அட்டையிலும் எங்கள் முகவரி ‘சுமதி ஒழுங்கை’. ஊரில் அப்படி ஒரு ஒழுங்கை கிடையாது. அம்மம்மா காலத்திலிருந்து எங்களுக்கு அது சுமைதாங்கியடி. யாரோ ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிய பட்டியலை இன்னொருவர் திரும்பத் தமிழாக்கியபோது சுமைதாங்கி சுமதியாகிவிட்டது என்பது என் கணிப்பு. இத்தனை வருடம் நாங்களும் கவனிக்காமல் வரி கட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். காணி எழுதப் போன இடத்தில் ‘நீங்கள் சொல்லும் ஒழுங்கையும் துண்டில் உள்ளதும் ஒன்றுதானா, கடிதம் கொண்டுவாருங்கள்’ என்றபிறகுதான் விழித்தோம்.

எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. முதல் நாள் இருந்த கிளாக்கர் கணினியைப் பார்த்துவிட்டு, “லிஸ்ட்டில இருக்கிறதுதான் சரி தம்பி” என்றார். லிஸ்ட் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டாம் தடவை ஒழுங்கையில் உள்ள 14 வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனேன், அடையாள அட்டை இலக்கம் எழுதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். மூன்றாம் தடவை போனால் அதிகாரி வெளிவேலையில். ஆகவே முதல் அறிவுரை: கையெழுத்துத் தாளில் பெயர், வீட்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் மூன்றுக்கும் கோடு போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போங்கள், போகமுன் அதிகாரி இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேளுங்கள்.

விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம் ஒரே நாளில் கிடைத்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஆதாரம். இங்கேதான் நான் பிழை விட்டேன், எங்கள் காணி உறுதி (பத்திரம்) ஒன்றையே நம்பினேன். எங்கள் உறுதி 1995 யுத்த இடப்பெயர்வில் தொலைந்துபோனது. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும் என்பதால், பதிவகத்தில் பிரதி எடுத்தேன். காணிப் பெயர், இத்தனை லாச்சம் வரகுக் கல்ச்சர் என்று எங்கள் ஊர் முறையில் காணி அளவு, நான்கு எல்லை எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் தெற்கு எல்லையில் வெறும் ‘ஒழுங்கை’. பெயர் இல்லை! அன்று பதிவக வாசலில் நின்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உதவியது எதிர்வீட்டு மாமிதான். அவர் தன் தாயின் சீதன உறுதியை றங்குப்பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். 1938. ‘வடக்கு: சுமைதாங்கி ஒழுங்கை’. ஒரே ஒழுங்கை, ஒரு நொத்தாரிசு பெயரை எழுதியிருக்கிறார், மற்றவர் எழுதவில்லை, அவ்வளவுதான். ஆகவே உங்கள் உறுதியில் இல்லையென்றால் விட்டுவிடாதீர்கள், ஒழுங்கையின் மறுபக்கத்துக் காணிகளின் உறுதிகளைக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகங்கள். அவற்றைப் பாடலுக்காக மட்டும் வைத்திருக்கிறோம், ஆனால் முன்பக்கத்தில் முகவரி இருக்கும். அப்படி இரண்டு கல்வெட்டும் ஒரு கும்பாபிஷேக மலரும் கிடைத்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போனதை நினைத்தால், வீட்டுப் பெட்டிகளில் மிஞ்சியிருக்கிற இந்தத் தாள்கள்தான் எங்களுக்கு இருக்கிற நூலகம்.

எல்லாவற்றையும் கொண்டுபோனேன். படிவத்தில் ஒரு கட்டம்: ‘பெயருக்குரியவரின் வாழ்க்கைக் குறிப்பு’. சுமைதாங்கி ஆள் இல்லை, கல் என்றேன். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்கள் ஆள் உதவியில்லாமல் சுமையை இறக்கி வைக்க, இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் குறுக்கே வைத்தது. மடம், கேணி, மாடு உடம்பு உரஞ்சும் ஆவுரஞ்சிக்கல் எல்லாம் எங்கள் தெருவோரங்களில் இருந்ததுபோல அதுவும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்காத சுமையை மற்றவர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று குடும்பத்தார் கட்டுவது வழக்கம். எங்களுடையதும் அப்படித்தான் என்று அம்மம்மா சொல்லுவா. அந்தப் பெண்ணின் பெயர் அம்மம்மாவுக்கும் தெரியாது.

“பெயரில்லாத ஆளுக்கு எப்படித் தம்பி றோட்டு?” என்றார் கிளாக்கர். அந்தக் கேள்வி இன்னும் குத்துகிறது. அந்தக் கல்லைத் தவிர அவளுக்கு வேறு அடையாளமே இல்லை, அதையும் றோட்டை அகட்டும்போது எடுத்துவிட்டார்கள், மிஞ்சியிருந்தது ஒழுங்கையின் பெயர் ஒன்றுதான்.

நான் அங்கேயே நின்று சொன்னேன். தட்டாதெருவுக்கு யாருடைய வாழ்க்கைக் குறிப்பு எழுதினீர்கள்? பொன் வேலை செய்த தட்டார் இருந்த தெரு. ஆனைப்பந்தி? யானை கட்டின பந்தி என்று பெயரே சொல்கிறது, ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து யானைகள் கப்பலேறின. பாங்சால் வீதி என்றால் பண்டகசாலை. கண்டி வீதி கண்டிக்குப் போகிறது. மணிக்கூட்டு வீதியின் மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாகக் கட்டியது, அவர் பெயரைத் தெருவுக்கு வைக்காமல் மணிக்கூட்டின் பெயரைத்தான் சனம் வைத்தது. நாவலர் வீதி, இராமநாதன் வீதி போன்றவற்றுக்கு ஆள் உண்டு, சரி. ஆனால் மற்றவை சனம் பிழைத்த பிழைப்பின் பெயர்கள், அவற்றுக்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

உள்ளே இருந்த மேலதிகாரி சத்தம் கேட்டு வெளியே வந்தார். 1938 உறுதியை மட்டும் கையில் எடுத்து எல்லை வரியை இரண்டு முறை வாசித்தார். “கட்டத்தில ‘இடப்பெயர்’ எண்டு எழுதுங்கோ, காணும்” என்றார். நாலு மாதம் சொல்லாத ஒரு சொல்!

அதன்பிறகு என் விண்ணப்பம் கூட்டத்துக்குப் போய் அனுமதி வர மூன்று மாதம். அதில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் பலகை அடிக்கமுன் மாதிரியைக் கேட்டுப் பாருங்கள், கட்டாயம். நான் கேட்டதால்தான் ஆங்கில வரியில் மறுபடியும் ‘சுமதி’ இருந்தது கண்ணில் பட்டது. தமிழ் சரி, சிங்களம் சரி, ஆங்கிலத்தில் பழைய பட்டியலை அப்படியே ஒட்டியிருந்தார்கள். அதை விட்டிருந்தால் இன்னொரு பத்து வருடத்தில் திரும்பவும் தமிழில் சுமதி வந்திருக்கும்.

பலகை நட்ட அன்று மாமி ஒன்று சொன்னா. பழைய குறுக்குக் கல் முடக்கு வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லாகக் கிடக்கிறதாம். போய்ப் பார்த்தேன், விளிம்பு தேய்ந்த நீண்ட கல், அதுதான். வீட்டுக்காரர் தரச் சம்மதித்துவிட்டார், நட ஒரு முழ இடத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்றுதான் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சோலைவரித் துண்டு இந்த முறையும் ‘சுமதி ஒழுங்கை’ என்றே வந்திருக்கிறது. அனுமதிக் கடிதத்தின் போட்டோக் கொப்பி மூன்று எடுத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை போகிறேன்.