திட்டம் முடிந்த பிறகு தொடங்கிய வேலை

மூன்று ஆண்டுகள் நான் இலவசமாக ஆலோசனை கொடுத்தேன். என் சம்பளம் ஒரு வளர்ச்சித் திட்டத்தின் நிதியிலிருந்து வந்தது. சிறுதொழில் செய்பவர்களைத் தேடிப் போய், அவர்கள் தொழில் நடக்கும் விதத்தைப் பார்த்து, எதை மாற்றலாம் என்று சொல்வது என் பணி. நிதி முடிந்த மாதத்தில் என் பட்டியலில் 41 பேர் இருந்தார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு இதே வேலையைத் தொடரலாம் என்று நானும் உடன் பணிபுரிந்த இருவரும் முடிவு செய்து, 41 பேரையும் நேரில் பார்த்துக் கேட்டோம். சம்மதித்தவர்கள் இரண்டே பேர்.

மற்றவர்கள் நன்றி கெட்டவர்கள் அல்ல. உட்காரவைத்துப் பேசினார்கள், எங்களால் நன்மை கிடைத்தது என்றார்கள். ஆனால் பணம் என்றதும் பேச்சு நின்றுவிட்டது. அச்சகம் நடத்தும் ஒருவர் மட்டும் மனம்விட்டுச் சொன்னார்: "நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான். அதைச் செய்ய எனக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. செய்து கொடுப்பீர்கள் என்றால் சொல்லுங்கள், பணம் தருகிறேன்." அன்றைக்கு அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் ஒரு வேலையை எங்களிடம் ஒப்படைக்கத் தயாராக இருந்தார் என்பது விளங்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதங்களில் எங்கள் சேமிப்பில் பெரும்பகுதி கரைந்தது.

திட்டத்தில் இருந்தபோது எங்களிடம் கேட்கப்பட்ட எண்ணிக்கை ஒன்றுதான்: இந்தக் காலாண்டில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள்? நிதி நின்ற பிறகு இந்தச் சேவையை யார் தருவார்கள் என்று கேட்டவர் இல்லை. இது புதிய கேள்வியும் அல்ல. சிறுதொழில்களுக்கான சேவைகளை ஆதரிக்கும் நன்கொடை அமைப்புகளின் கூட்டுக் குழு 2001-லேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சேவையை நீங்களே இலவசமாகக் கொடுத்துச் சந்தையைக் கெடுக்காதீர்கள், உள்ளூரில் சேவை தருபவர்கள் வளர வழிசெய்யுங்கள் என்பதே அதன் சாரம். அதை நான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் படித்திருக்க வேண்டும். திட்டம் முடிந்த பிறகுதான் படித்தேன்.

ஐந்து மாதம் கழித்து அச்சக உரிமையாளரிடம் திரும்பிப் போனோம். இம்முறை ஆலோசனை என்ற சொல்லையே எடுக்கவில்லை. "வாரம் அரை நாள் வந்து உங்கள் கணக்கை எழுதிக் கொடுக்கிறோம்" என்றோம். உடனே ஒப்புக்கொண்டார். ரசீதுகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். சில ரசீதுகளில் தேதி இல்லை, சில அழிந்தே போயிருந்தன. வாரந்தோறும் அவற்றைப் பிரித்து மூன்று தாள்கள் தயாரித்தோம்: எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு போனது என்று ஒன்று; யார் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக என்று ஒன்று; என்ன சரக்கு கையிருப்பில் இருக்கிறது என்று ஒன்று. அவ்வளவுதான்.

நான்காம் மாதம் அந்தத் தாள்கள் பேசத் தொடங்கின. அவருடைய பெரிய வாடிக்கையாளர் என்று அவர் பெருமையோடு சொல்லும் நிறுவனம் 90 நாள் கழித்துப் பணம் தந்துகொண்டிருந்தது. காகிதத்தை இவர் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். இடைப்பட்ட மூன்று மாதத்துக்கு வட்டிக்குக் கடன் எடுக்கிறார். அந்த வட்டியையும், அவசர வேலைகளில் வீணாகும் காகிதத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வாடிக்கையாளரால் அவருக்கு நட்டம்தான். இதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நான் சொல்லியிருக்க முடியுமா? பொதுவாகச் சொல்லியிருப்பேன்; "வரவேண்டிய பாக்கியைக் கவனியுங்கள்" என்று பயிற்சியில் சொல்லவும் செய்தேன். ஆனால் அவருடைய சொந்த எண்களை அவர் முன் வைக்கவில்லை. இப்போது தாளைப் பார்த்துவிட்டு அவரே முடிவெடுத்தார்: காகிதத்துக்கான தொகையை முன்பணமாகத் தந்தால்தான் வேலையைத் தொடுவது. அந்த நிறுவனம் வேலையில் ஒரு பகுதியை வேறிடத்துக்குக் கொண்டுபோனது. மீதி வேலை முன்பணத்தோடு வந்தது. அவருடைய கடன் ஓராண்டில் அடைந்தது.

அன்று முதல் எங்கள் தொழிலின் உருவமே மாறியது. மாதாமாதம் செய்து கொடுக்கும் கணக்கு வேலைக்குத்தான் கட்டணம். ஆலோசனை அந்தக் கணக்கிலிருந்து பிறக்கும். பின்னாளில் நைஜீரியாவில் சிறு நிறுவனங்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகளைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. உரிமையாளருக்குப் பயிற்சி கொடுப்பதைவிட, கணக்கையும் விற்பனைப் பணியையும் தெரிந்த ஆளிடம் ஒப்படைக்க உதவுவது நல்ல பலன் தந்தது. ஆலோசனை சாதித்த அளவை அது பாதிச் செலவில் எட்டியது. நாங்கள் சேமிப்பை இழந்து கற்றது எண்களாக அங்கே இருந்தது.

இனி எங்கள் சொந்தக் கணக்கு. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாண்டில் மூவரும் நேரடியாக எல்லாவற்றையும் செய்தோம். ஒரு மாதம் என் நாட்களைக் குறித்து வைத்துப் பார்த்தேன். வேலை செய்த 25 நாட்களில் கட்டணம் ஈட்டியவை 9. மற்றவை புதிய வாடிக்கையாளரைத் தேடுவதிலும், பயணத்திலும், பாக்கிக்காக நடப்பதிலும் போயின. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நாங்கள் வைத்திருந்த கட்டணம் 25 நாளும் வருமானம் வரும் என்ற நினைப்பில் வைத்தது. அதனால்தான் வேலை நிறைய இருந்தும் கையில் காசில்லை. கூட்டாளி ஒருவர் அந்த ஆண்டு விலகினார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. குடும்பம் நடத்த வேண்டும்.

பிறகு பிரித்துப் பார்த்தோம். கணக்கெழுத எங்களைப் போன்ற அனுபவசாலி தேவையில்லை. பள்ளிப் படிப்பு முடித்து, எண்களில் கவனமாக இருக்கும் இளைஞர்களை எடுத்து ஆறு மாதம் உடன் வைத்துப் பழக்கினோம். ஒரு கணக்கெழுத்தர் ஒரு நாளில் இரண்டு இடம், வாரத்தில் 12 வாடிக்கையாளர்களைப் பார்க்கலாம். அவர்களில் 8 பேர் தரும் கட்டணம் கணக்கெழுத்தரின் சம்பளத்துக்கும் பயணத்துக்கும் சரியாகும். மீதி 4 பேரின் கட்டணம் அலுவலகத்துக்கும், மாதம் ஒருமுறை தாள்களோடு உரிமையாளர் எதிரில் உட்காரும் ஆலோசகருக்கும். மூன்று கணக்கெழுத்தர்கள், 36 வாடிக்கையாளர்கள் என்று ஆனால் ஒரு ஆலோசகர் வெளி நிதி இல்லாமல் வாழலாம். அந்த 36-ஐ எட்ட எங்களுக்கு இரண்டரை ஆண்டுகள் ஆயின. எந்தப் பகுதிக்கு என்றைக்குப் போவது என்று கிழமை வாரியாகப் பிரித்தபோதுதான் பயணச் செலவு கட்டுக்குள் வந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் அதுவே எங்களைக் காப்பாற்றியது என்றும் சொல்வேன்.

கட்டணத்தை விற்பனையில் ஒரு சதவீதமாக வைத்துப் பார்த்தோம். தவறு. விற்பனையை எங்களிடமிருந்தே மறைக்க வேண்டிய காரணத்தை நாங்களே உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டோம். பிறகு மாற்றினோம்: மாதம் ஒரே தொகை, முதல் வாரத்தில், முன்கூட்டியே. இரண்டு மாதம் தவறினால் வருகை நிற்கும். இந்த விதியைப் போட எனக்கு மனம் வரவில்லை. போட்ட பிறகு பாக்கி ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. விலகியவர்கள் மூன்று பேர்.

இன்றும் என்னை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுத்து, கிடைக்கும் கடனில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கினோம். நல்ல வருமானம். மரவேலைப் பட்டறை ஒன்றுக்குப் பெரிய இயந்திரம் வாங்கக் கடன் எடுத்துக் கொடுத்தோம். அந்த இயந்திரத்துக்குத் தீனி போடும் அளவுக்கு அவரிடம் வேலை வரவில்லை. ஒன்றரை ஆண்டில் வாங்கிய விலையில் பாதிக்கு இயந்திரத்தை விற்றார், கடன் மட்டும் நின்றது. அவருடைய தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சிறிய இயந்திரம் போதும் என்று அவை தெளிவாகச் சொல்லின. கடன் பெரிதானால் எங்கள் பங்கும் பெரிதாகும் என்பது என் கண்ணை மறைத்துவிட்டது. அவரிடம் போய் அதை ஒப்புக்கொண்டேன். வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கடனுக்கு அது எம்மாத்திரம். அதன் பிறகு கடன் வேலைக்கு நிலையான கட்டணம் மட்டுமே; கடன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதே தொகை. கடன் வேண்டாம் என்று எங்களுக்குத் தோன்றினால் அதை எழுத்தில் கொடுக்கிறோம்.

ஒரே தொழிலில் போட்டியாளர்களாக உள்ள இருவருக்கு ஒரே கணக்கெழுத்தரை அனுப்புவதில்லை. ஒருவருடைய எண் இன்னொருவர் காதுக்குப் போனால் மறுநாளே நாங்கள் கடையை மூட வேண்டியதுதான்.

மூன்றாம் ஆண்டில் போட்டியில்லாத ஆறு உரிமையாளர்களை மாதம் ஒருமுறை ஒன்றாக உட்காரவைக்கத் தொடங்கினோம். கொலம்பியாவில் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனங்களிடம் நடந்த ஓர் ஆய்வில் தனித்தனி ஆலோசனையையும் குழு ஆலோசனையையும் ஒப்பிட்டிருந்தார்கள்; குழுவுக்கு ஆன செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நிர்வாக முறைகளில் கண்ட முன்னேற்றம் கிட்டத்தட்ட ஒன்றே. எங்கள் குழுவில் தையற்கூடம் நடத்தும் பெண் ஒருவர், திரும்ப வரும் தைத்த துணிகளை எப்படி எண்ணுகிறார் என்று காட்டினார். அடுத்த மாதம் மற்ற ஐவரும் தங்கள் தொழிலில் திரும்ப வந்தவற்றை எண்ணிக்கொண்டு வந்தார்கள். நான் பத்து முறை சொல்லியும் நடக்காதது.

எல்லோருக்கும் எங்கள் சேவை பொருந்தாது. கானாவின் ஆக்ராவில் சிறு தையற்காரர்களுக்கு ஓராண்டு ஆலோசனை கொடுத்தார்கள். சொன்னதைச் சில காலம் செய்துவிட்டுப் பழைய வழிக்கே திரும்பினார்கள், லாபம் கூடவில்லை. தனி ஆளாகத் தொழில் செய்பவர் எங்களைத் தேடி வந்தால் மாதக் கட்டணம் வாங்குவதில்லை. வீட்டுப் பணத்துக்கு ஒரு பெட்டி, தொழில் பணத்துக்கு ஒரு பெட்டி, இரண்டையும் கலக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். டொமினிக்கன் குடியரசில் முழுமையான கணக்குப் பயிற்சியைவிட இப்படிப்பட்ட எளிய விதிகள்தான் சிறு வணிகர்களிடம் பலித்தன.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் மானியத்துக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். மெக்சிகோவின் புவேப்லாவில் மானியத்தோடு ஓராண்டு ஆலோசனை பெற்ற நிறுவனங்கள் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் கூடுதல் ஆட்களை வேலைக்கு வைத்திருந்தன. இந்தியாவின் ஜவுளி ஆலைகளில் இலவச ஆலோசனை முதலாண்டிலேயே உற்பத்தித்திறனை 17 சதவீதம் உயர்த்தியது. ஆனால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, கைக்கொண்ட முறைகளில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தன. ஆலோசகர் கிளம்பிய பிறகு வாராவாரம் யார் வருவார்கள் என்பதுதான் என் கவலை.

சென்ற மாதம் நிதியுதவி தரும் நிறுவனம் ஒன்று எங்களை அழைத்தது. 300 தொழில்முனைவோருக்கு ஓராண்டு இலவச ஆலோசனை, முழுச் செலவும் அந்த நிறுவனத்துடையது. தொகை பெரியது, கூட்டாளியும் நானும் இரண்டு இரவு பேசினோம். வாடிக்கையாளரின் கட்டணத்தைக் குறைக்க ஒரு காசும் வேண்டாம், அந்தப் பணத்தில் 25 கணக்கெழுத்தர்களைப் பழக்கிக் கொடுக்கிறோம், பழகும் ஆறு மாதச் சம்பளத்தை மட்டும் தாருங்கள் என்று எழுதினோம். ஆளுக்கு 12 என்று வைத்தால் அதே 300 வரும், ஓராண்டு முடிந்த பிறகும் வரும் என்று கணக்கையும் இணைத்தோம். முதலில் 10 பேருக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விண்ணப்பித்தவர்களில் அச்சக உரிமையாளரின் மகளும் இருக்கிறாள். அட்டைப்பெட்டி ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்க எங்களுக்கு உதவிக்கொண்டிருந்தபோது அவள் ஏழாம் வகுப்பில் இருந்தாள்.