அண்ணன் தம்பி பத்திரமும் 139-ஆம் சங்கீதமும்

குடும்பப் பிணக்கோடு சபை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிறு ஆராதனை முடிந்து, கூட்டம் கலைந்த பிறகுதான் வருவார்கள். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதற்குள் தாய்ப்பத்திரத்தின் நகல், தீர்வை ரசீது, பட்டா, சில சமயம் கல்யாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிய நகைக் கணக்கு. பேச்சு பத்திரத்தில்தான் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் "அம்மாவுக்கு எப்பவும் அவன்தான் பிள்ளை" என்ற இடத்துக்கு வந்து நின்றுவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சேகரங்களில் (ஒரே போதகரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) இப்படிப்பட்ட பிணக்குகளைக் கேட்கிற எல்லோருக்கும் பழகிப்போன வரிசை இது.

முதல் சந்திப்பிலேயே ஒரு முழுத்தாளின் நடுவே கோடு போட்டு எழுதச் சொல்வது நல்லது. இடப்பக்கம் சொத்து: சர்வே எண், எத்தனை சென்ட், பட்டா யார் பெயரில், எந்த வருஷத்துப் பத்திரம். வலப்பக்கம் மனக்குறை: யாரைக் காலேஜுக்கு அனுப்பினார்கள், யார் கல்யாணத்துக்கு வயலை ஒத்திக்கு வைத்தார்கள், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி யார் தங்கினார்கள். எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி யோசிக்கிற வரி ஒன்று எப்படியும் வரும். அம்மாவின் வேதாகமம் பல வீடுகளில் அந்த வரி. பழைய புத்தகம், விலை மதிப்பு ஒன்றுமில்லை. ஆனால் முதல் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த தேதியும் ஞானஸ்நானம் எடுத்த தேதியும் அம்மா கையெழுத்தில் இருக்கும். அதை எந்தப் பக்கம் எழுதுவது? பிணக்கு எங்கே வேர்விட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் அந்தத் தயக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இடப்பக்கத்துக்குச் சட்டம் இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. 18 சென்ட் மனையை விட்டுப் போனவருக்கு மனைவியும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருந்தால் தாய்க்கு 6, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 4. "அக்காவுக்குத்தான் அன்னைக்கே நகை போட்டாச்சே" என்பார்கள் தம்பிகள். அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு, தகப்பன் உயிரோடிருக்கும்போது ஒரு பிள்ளையின் வாழ்வுக்காகக் கொடுத்ததைப் பங்கில் கழிக்க முடியாது என்கிறது. இந்த ஒரு விவரம் தெரிந்தாலே பாதிச் சண்டையின் சத்தம் குறையும்.

நாகர்கோவில் பக்கம் இன்னொரு பழைய காயம் உண்டு. அந்த மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே நடப்பிலிருந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. தகப்பன் சொத்தில் சம பங்கு கேட்டு மேரி ராய் போட்ட வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம், 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே பங்கு பிரிந்துபோன வீடுகளில், எழுபது வயதைக் கடந்த அத்தைமார் இன்றும் தம்பி வீட்டு விசேஷத்தில் கை நனைக்காமல் திரும்புவதைப் பார்க்கலாம். அதைப் பொறாமை என்று பெயர் சூட்டி ஒதுக்குவது அநியாயம்.

துரோகம் நடக்கிற வழி பெரும்பாலும் ஒன்றேதான். தாய் ஒரு மகனோடு இருக்கிறாள். ஒருநாள் ஆட்டோவில் பத்திர ஆபீஸுக்கு அழைத்துப் போகிறார்கள். உயில் என்று நினைத்துக் கைரேகை வைக்கிறாள். பதிவாவது தான செட்டில்மென்ட். உயிலை உயிரோடிருக்கும்வரை மாற்றலாம், செட்டில்மென்ட் அன்றைக்கே கைமாறிவிடும், தாய் நினைத்தாலும் தனியாக ரத்து செய்ய முடியாது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்து, பிறகு கவனிக்காமல் விட்டால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரியவருவது வில்லங்கம் போட்டுப் பார்க்கும்போதுதான்.

அந்த மகனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டால், திருடினேன் என்று அவர் நினைக்கவே இல்லை என்பது புரியும். அவர் கணக்கில் அது கூலி. படுக்கையில் கிடந்தவரைத் திருப்பிப் படுக்கவைத்தது, பீ மூத்திரம் அள்ளியது, வெளியூர் வேலையை விட்டது, இதற்கெல்லாம் கூடப்பிறந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பண்டிகைக்கு வந்து கேக் வெட்டிவிட்டுப் போனார்கள். லூக்கா 15-ல், ஊதாரித் தம்பி வீடு திரும்பும் கதையில் வருகிற மூத்தமகன் இதே ஆள். தகப்பன் ஆஸ்தியை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாயிற்று என்று 12-ஆம் வசனத்திலேயே இருக்கிறது. அவன் பங்கு எங்கும் போகவில்லை. ஆனாலும் வயலிலிருந்து வந்தவன் வீட்டுக்குள் நுழையாமல் வாசலில் நின்று, தம்பிக்கு விருந்தா, எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தந்ததில்லையே என்று கணக்குப் பேசுகிறான். ஆகவே பராமரித்தவரின் செலவையும் உழைப்பையும் பங்கு பேசுவதற்கு முன்பே வெளிப்படையாக மேஜையில் வைக்கச் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரி பில், எத்தனை மாதம் என்று எழுதி, எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு தொகையை முதலில் ஒதுக்கிவிட்டால், மீதியைப் பிரிப்பது எதிர்பார்த்ததைவிட எளிதாகும்.

இனி வலப்பக்கம். 139-ஆம் சங்கீதத்தில் 'தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்' என்று தொடங்கும் 23-ஆம் வசனத்தைத்தான் எல்லோரும் எடுத்துக் கொடுக்கிறோம். அதற்கு முந்தின நாலு வசனங்களைத் தாண்டிவிடுகிறோம். அவற்றில் தாவீது துன்மார்க்கரை அழிக்கச் சொல்கிறார், முழுப் பகையாய்ப் பகைக்கிறேன் என்கிறார். அந்தக் கொதிப்பைக் கொட்டித் தீர்த்த பிறகே தன்னை ஆராயச் சொல்லிக் கேட்கிறார். ஊழியம் செய்கிறவர்கள் இந்த வரிசையைக் குலைக்கக் கூடாது. ஏமாற்றப்பட்டவர் இன்னும் பேசியே முடிக்கவில்லை, அதற்குள் "உங்க பக்கமும் பாருங்க" என்றால், குற்றம் தன் தலையில் விழுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். அடுத்த வாரம் வரமாட்டார். முதல் சந்திப்பு அந்தத் தாளை எழுதவைத்துக் கேட்பதற்கு மட்டும்.

இரண்டாவது சந்திப்பில் சில கேள்விகளைக் கொடுத்து, வீட்டில் தனியே எழுதிப் பார்க்கச் சொல்லலாம். அந்த நோட்டை யாரும் வாங்கிப் படிப்பதில்லை. அம்மா இதே செட்டில்மென்டை எனக்கு எழுதியிருந்தால், முறை தப்பு என்று நான் வாய் திறந்திருப்பேனா? என் பங்கு முழுசும் வட்டியோடு கைக்கு வந்துவிட்டால் இந்தக் கோபம் போகுமா? போகாது என்று மனசு சொன்னால், எந்த முன்சீப் கோர்ட்டும் தரமுடியாத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தக் கதையை யார் யாரிடம் சொன்னேன், சொல்லச் சொல்ல என்னென்ன கூடியது? அவன் பிள்ளைக்கு மார்க் குறைந்தது என்று கேள்விப்பட்ட அன்று உள்ளே என்ன நடந்தது? கடைசிக் கேள்வியை யாரும் சுலபமாக எழுதுவதில்லை. எழுதியவர்கள்தான் பிறகு நிதானமாகப் பேரம் பேசுகிறார்கள்.

அடிதடி, மிரட்டல், கையைப் பிடித்து வைத்த ரேகை என்று இருந்தால் இந்த நோட்டு வேலையே வேண்டாம். நேராகப் போலீஸும் வக்கீலும். பாதிக்கப்பட்டவளை உட்காரவைத்து அவள் இருதயத்தை ஆராயச் சொல்வது அந்த நேரத்தில் இன்னொரு அடி.

சபை பங்கு பிரிக்கக் கூடாது என்பதும் முக்கியம். ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று ஒருவன் கேட்டபோது இயேசுவே மறுத்துவிட்டார் (லூக்கா 12). பொருளாசையைப் பற்றி எச்சரித்ததோடு சரி. சேகர கமிட்டியில் ஒரு தரப்புக்கு மாமனோ மச்சானோ எப்படியும் இருப்பார். கமிட்டி தொகை சொன்னால் தோற்றவர் கோபம் சபைமேல் திரும்பி, அடுத்த தேர்தலில் இரண்டு அணியாக நிற்கும். மத்தேயு 18 சொல்கிற படிகள் போதும்: முதலில் இருவரும் தனித்து, பிறகு ஒன்றிரண்டு சாட்சிகளோடு, அதன் பின்னரே சபை. முதல் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். நேரே வாட்ஸப் குடும்பக் குழுவில் பத்திரத்தைப் போட்டோ எடுத்துப் போட்டுவிடுகிறார்கள், துபாயில் இருக்கிற சித்தப்பா உட்பட எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டியதாகிறது.

ஜெபமும் தப்பாகப் பயன்படும். இருதரப்பையும் சேர்த்து உட்காரவைத்து, கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்து, ஆமென் சொன்ன கையோடு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடக்கம் முடிந்த வாரத்திலேயே இப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சகோதரிகள் பலர். அழுகை அடங்கிய பின் அதே கையெழுத்து விஷமாகிறது. ஜெபித்த நாளில் கையெழுத்து வேண்டாம். வரைவை வீட்டுக்கு எடுத்துப் போய், தன் சொந்த வக்கீலிடம் காட்டி, இரண்டு வாரமாவது கழித்துப் பதிவு செய்யட்டும்.

'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று சும்மா இருப்பவர்களுக்கும் ஒரு தேதி ஓடிக்கொண்டிருக்கிறது. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்குக் கால வரம்பு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம். தெரிந்த அன்றே தேதியைக் குறித்துக்கொண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்து, பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட வேண்டும். வழக்குப் போட்ட பிறகும் பேச வழியுண்டு. 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய சமரச மையம் இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் இருக்கிறது. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடு கிடையாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியவருக்கு விசுவாசம் குறைவு என்று பிரசங்கத்தில் குத்திப் பேசுவதை நாம் நிறுத்த வேண்டும்.

கடவுளை நம்புவதன் வேலை வலப்பக்கத்தில்தான். தன் மதிப்பை அம்மாவின் கைரேகையிலிருந்து பிரித்தெடுத்து அவரிடம் ஒப்புக்கொடுப்பது. அது நடந்தால் இடப்பக்கத்தில் 4 சென்டுக்குப் பதில் 3 சென்ட் வந்தாலும் ஒப்புக்கொள்ள முடிகிறது, 4 சென்டுக்காக வழக்காடவும் முடிகிறது, தம்பியைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பாமல்.

மன்னித்தாயிற்று என்றால் பழையபடி நம்பிவிட வேண்டுமா என்று கேட்பார்கள். வேதாகமத்தில் யாக்கோபின் மகன் யோசேப்பை 17 வயதில் அண்ணன்மார் 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். பிறகு எகிப்தில் அதிபதியான அவர், தானியம் வாங்க வந்த அண்ணன்மாரைக் கண்டதும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. தனியே போய் அழுதார், அவர்களில் சிமியோனைப் பிடித்து வைத்தார், தம்பி பென்யமீன் மூட்டையில் வெள்ளிப் பாத்திரத்தைப் போட்டுப் பார்த்தார். விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, தம்பிக்குப் பதில் நான் அடிமையாயிருக்கிறேன் என்று முன்வந்த பிறகுதான், நானே யோசேப்பு என்று வாய்திறந்தார். அதுவரை மூட்டையில் தானியத்தை மட்டும் குறைக்கவில்லை. சோறு போடலாம், கல்யாணத்துக்கு மொய் வைக்கலாம். வெற்றுத்தாளில் கையெழுத்தும் பொது அதிகாரப் பத்திரமும் மட்டும் மாற்றத்தைப் பார்த்த பிறகு.

யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்து இறந்தபோது, அத்தனை வருஷம் யோசேப்பு கையால் சாப்பிட்ட அண்ணன்மாருக்கு மறுபடியும் பயம் வந்தது, இனிப் பழிவாங்குவான் என்று. அதனால் உடன்படிக்கை பதிவானதோடு கோப்பை மூடிவிடக் கூடாது. தாயோ தகப்பனோ மிச்சமிருக்கிறவர் இறக்கும்போது அதே பிணக்கு திரும்பிவரும். அடக்கம் முடிந்து ஒரு மாதத்துக்குள் சபை ஊழியரான உபதேசியார் இரண்டு வீட்டுக்கும் ஒருமுறை போய்வரட்டும். ஒப்பந்த நகல் ஆளுக்கொன்று இருக்கிறதா, பட்டா மாறுதல் முடிந்ததா என்று கேட்கட்டும். அம்மாவின் வேதாகமம் யாரிடம் இருந்தாலும், அந்த முதல் பக்கத்தைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கச் சொல்லட்டும்.